நான்கு பெட்டி, ஒரு டிவி: படம் வராதபோது எங்கே கைவைப்பது?

மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. சாமியில்லாக் கோயிலும் அந்த வரிசையில் இருந்தது. 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் திரும்பியதும் அதை எடுத்துவிட்டார்கள். காலியான இடத்தில் படமில்லா டிவியைச் சேர்க்கலாம் என்பது என் யோசனை. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் டிவி மாட்டிக் கொடுப்பதும் வயர் இழுப்பதும் என் பிழைப்பு. முன்பெல்லாம் ஒரு டிவிக்கு ஒரு வயர். இப்போது ஒரே டிவிக்குப் பின்னால் கேபிள் பெட்டி, இணையப் படங்களுக்கான ஸ்டிக், தூக்கிப்போட மனம் வராத டிவிடி பிளேயர், பிள்ளைகளின் கேம் பெட்டி, சவுண்ட்பார் என்று ஒரு கூட்டுக்குடும்பமே குடியிருக்கிறது. சண்டை வராமல் இருக்குமா?

நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் எந்தச் சாதனமும் கெட்டுப்போயிருப்பதில்லை. ஒரு வயர் நழுவியிருக்கும். ஒரு பொத்தான் மாறியிருக்கும். ஆனால் நான் போவதற்குள் வீட்டார் எல்லா வயரையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகி, கைக்கு அகப்பட்ட ரிமோட்டில் இருக்கும் பொத்தானையெல்லாம் அழுத்தியிருப்பார்கள். ஒன்றாக இருந்த பிழை நான்காகியிருக்கும். அதனால் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு நிபந்தனை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலனில்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கைவைக்கும் முன்

டிவியின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு காகித டேப்பைக் கிழித்து ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் 'கேபிள் பெட்டி', 'ஸ்டிக்', 'கேம்' என்று எழுதி ஒட்டுங்கள். ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் பாதி வேலைதான். சுவரோடு ஒட்டிய டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த எச்டிஎம்ஐ வயர் (படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுவரும் தட்டை முனை வயர்) ஒன்று கையில் இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

வயரைக் கழற்றும்போதும் செருகும்போதும் டிவி, பெட்டி இரண்டின் சுவிட்சையும் சுவரிலேயே அணைத்துவிடுங்கள். ரிமோட்டில் அணைப்பது அணைப்பது ஆகாது. மொட்டைமாடியிலிருந்து டிஷ் வயர் வரும் வீடுகளில், மின்சாரம் ஓடும்போதே செருகிப் பிடுங்கி எச்டிஎம்ஐ போர்ட்டைக் கருக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: திரையில் 'நோ சிக்னல்'

*எல்லாச் சாதனங்களுக்கும் இப்படித்தான் வருகிறதா?*

முதலில் டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்ற பொத்தானைத் தேடுங்கள். அதை அழுத்தினால் எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2, ஏவி என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றாகத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பத்து விநாடி பொறுங்கள். காந்தி நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பி, டிவி போய்விட்டது, புதிதாக எது வாங்கலாம் என்று மட்டும் சொல்" என்று அழைத்தார். பேத்தி அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தியிருந்தாள், அவ்வளவுதான். அவர் கொடுத்த காப்பிக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டியலில் எதைத் தேர்ந்தாலும் படம் இல்லை, ஆனால் டிவியின் சொந்த மெனு மட்டும் தெளிவாகத் தெரிகிறது என்றால் திரை நன்றாக இருக்கிறது. எல்லாப் பெட்டிகளும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கின்றனவா, அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். மெனுகூடத் தெரியவில்லை, ஆனால் சிவப்பு விளக்கு எரிகிறது அல்லது விட்டுவிட்டு மின்னுகிறது என்றால் அது வயர் சிக்கல் இல்லை. கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே உள்ள விடுதிகளில் இதற்கு ஒரு தனிக் கிளை உண்டு. கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்குபவர்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டிக்கை அறை டிவியில் செருகுவார்கள். சோர்ஸ் பொத்தானை அழுத்தினால் எதுவும் வராது. டிவியை 'ஹோட்டல் மோட்' என்ற பூட்டில் வைத்திருப்பார்கள். வரவேற்பறையில் கேட்டால்தான் திறப்பார்கள். நாமாக ரிமோட்டில் ரகசிய எண்களைப் போட்டுப் பார்ப்பது வீண்வேலை.

*ஒரு சாதனத்துக்கு மட்டும் வருகிறதா?*

அந்தச் சாதனத்தில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் அடாப்டரை வேறு பிளக்கில் போடுங்கள். எரிந்தால் எச்டிஎம்ஐ வயரின் இரண்டு முனையையும் கழற்றி, நேராக, அழுத்தமாகச் செருகுங்கள். சுவரில் மாட்டிய டிவிகளில் வயரின் தலை பிரேமில் இடித்து வளைந்து, பார்வைக்குச் செருகியதுபோலவே இருக்கும்; உள்ளே அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். எறும்பும் பல்லி முட்டையும் இருந்து நான் எடுத்திருக்கிறேன். ஊசியால் குத்தாதீர்கள், காய்ந்த பிரஷ் போதும்.

அடுத்து, எல்லாவற்றையும் சுவரில் அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். முதலில் டிவியைப் போட்டு, அதன் சோர்ஸைச் சரியான எச்டிஎம்ஐ எண்ணுக்குக் கொண்டுவந்து, பிறகு பெட்டியைப் போடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது டிவியும் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் காணத் தவறுவதுண்டு.

அதற்கும் மசியவில்லையா? இப்போதுதான் அந்த ஒரு நிபந்தனைக்கு வேலை. ஓடுகிற சாதனம் ஒன்றும் ஓடாத சாதனம் ஒன்றும் உங்களிடம் இருக்கின்றன. இரண்டு சோதனை போதும். ஒன்று: ஓடுகிற சாதனத்தின் வயரை எடுத்து ஓடாத சாதனத்துக்குப் போடுங்கள், அதே போர்ட்டில். படம் வந்தால் பழைய வயர்தான் குற்றவாளி. சில நூறு ரூபாய் செலவு. வராவிட்டால் வயரைப் பழையபடி மாற்றிவிட்டு இரண்டாவது சோதனை: ஓடாத சாதனத்தை, ஓடுகிற சாதனம் இருந்த போர்ட்டில் செருகுங்கள். இப்போது படம் வந்தால் பழைய போர்ட் போய்விட்டது; அந்த இடத்தில் 'வேண்டாம்' என்று டேப் ஒட்டி மறந்துவிடுங்கள், மற்ற போர்ட்டுகள் இருக்கின்றன. எங்கே போட்டாலும் வரவில்லையென்றால் பிழை சாதனத்தில் இருக்கிறது. பலர் வயரையும் போர்ட்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். படம் வந்துவிடும், எதனால் வந்தது என்று தெரியாது, அடுத்த வாரம் மறுபடியும் என்னை அழைப்பார்கள்.

சாதனம்தான் என்று தெரிந்தபின்னும் உடனே தூக்கிப்போட வேண்டாம். புதிய 4கே டிவியில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பழைய டிவிக்கு மாற்றினீர்களா? பழைய டிவி தாங்காத அளவில் அது படம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். மறுபடியும் புதிய டிவியில் போட்டு, பெட்டியின் அமைப்பில் படத்தின் அளவை ('ரெசல்யூஷன்') 1080 அல்லது 720க்கு இறக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 என்றால் அணைத்த நிலையில் பவர் பொத்தானை ஏழு விநாடிபோல அழுத்திப் பிடித்து, இரண்டாவது 'பீப்' கேட்டதும் விடுங்கள். 'சேஃப் மோட்' வரும், அங்கிருந்தே படத்தின் அளவை மாற்றலாம். விண்டோஸ் மடிக்கணினியில் விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்தை அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தால் போதும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. டிவியின் அமைப்பில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் 'என்ஹான்ஸ்டு', 'டீப் கலர்', 'யூஎச்டி கலர்' என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் ஒரு வசதி இருக்கும். கேம் பெட்டிக்காக அதைப் போட்டுவைத்த போர்ட்டில் பழைய டிவிடி பிளேயரைச் செருகினால் சில டிவிகள் படம் காட்ட மறுக்கின்றன. அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அதை அணைத்துப் பாருங்கள்.

*நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதா?*

டிவியில் இரண்டே எச்டிஎம்ஐ போர்ட். வீட்டில் நான்கு சாதனம். லாங் பஜார் பக்கம் போய், "எச்டிஎம்ஐ பிரிக்கிற பெட்டி கொடுங்கள்" என்று கேட்பார்கள். கேட்டது போலவே கடைக்காரரும் பிரிக்கிற பெட்டியைக் கொடுத்துவிடுவார். அதன் பெயர் ஸ்ப்ளிட்டர். ஒரு பெட்டியின் படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்துக் கொடுப்பது அது. உங்களுக்கு வேண்டியது பல பெட்டிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து ஒரு டிவிக்குக் கொடுக்கும் சுவிட்ச். இரண்டும் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. 'இன்' என்று ஒரே ஒரு போர்ட்டும் 'அவுட்' என்று பலவும் இருந்தால் ஸ்ப்ளிட்டர். 'இன்' பல, 'அவுட்' ஒன்று என்றால் சுவிட்ச். குடியாத்தத்தில் ஒரு வீட்டில் ஸ்ப்ளிட்டரை வைத்துக்கொண்டு இரண்டு நாள் போராடியிருந்தார்கள். பெட்டியும் நல்ல பெட்டி, டிவியும் நல்ல டிவி.

மாற்றி வாங்குவது கன்வெர்ட்டரிலும் நடக்கிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மட்டுமே உள்ள பழைய பிளேயரைப் புது டிவியின் எச்டிஎம்ஐயில் காட்ட ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டி வேண்டும். புது ஸ்டிக்கைப் பழைய குண்டு டிவியில் காட்ட எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றுவது வேண்டும். ஒன்று இன்னொன்றாக வேலை செய்யாது. மேலே எழுதியிருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் தனியாக மின்சாரம் வேண்டும். கூட வரும் யூஎஸ்பி வயரைப் பலர் பெட்டியோடு சேர்த்துப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

சோதனை எளிது: நடுவில் இருப்பதைக் கழற்றிவிட்டு, சாதனத்தை நேராக டிவியில் செருகுங்கள். படம் வந்தால் சிக்கல் நடுவில் இருப்பதில்தான்.

அறிகுறி: படம் இருக்கிறது, ஒலி இல்லை

டிவியில் 'மியூட்' இருக்கிறதா, பெட்டியின் ரிமோட்டில் ஒலி அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனி அளவு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

அடுத்து டிவியின் அமைப்பில் 'சவுண்ட் அவுட்புட்' எங்கே இருக்கிறது? முன்பு எப்போதோ செருகிய சவுண்ட்பாருக்கோ யாருடைய புளூடூத் ஹெட்போனுக்கோ போய்க்கொண்டிருக்கலாம். 'டிவி ஸ்பீக்கர்' என்று மாற்றிக் கேளுங்கள். ஒலி வந்தால் டிவி நலம். இனி சவுண்ட்பார் பக்கம் பாருங்கள்.

சவுண்ட்பார் எச்டிஎம்ஐ வயரில் இருந்தால், டிவியில் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதிய ஒரே ஒரு போர்ட்டில்தான் அது இருக்க வேண்டும். பக்கத்துப் போர்ட்டும் பார்வைக்கு அதேதான். ஆனால் அதில் ஒலி வெளியே வராது. பல டிவிகளில் சிஇசி வசதி (எச்டிஎம்ஐ வயர் வழியே ஒரு சாதனம் இன்னொன்றை இயக்குவது) போட்டிருந்தால்தான் ஏஆர்சி வேலை செய்யும். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒன்றுக்கு ஆறு பெயர் வைத்து நம்மைச் சுற்றவிடுவதில் எல்லா நிறுவனமும் ஒன்றுதான்.

ஆப்டிகல் வயர் என்றால் அதன் முனையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடியை எடுத்தீர்களா? சிரிக்காதீர்கள், மூடியோடு செருக முயன்று, வயர் பழுது என்று கடைக்குத் திருப்பியவர்கள் உண்டு. சரியாக இருந்தால் செருகாத முனையில் செந்நிற ஒளி தெரியும்.

ஒரு சில சேனல்களில் அல்லது ஒரு சில படங்களில் மட்டும் ஒலி வராவிட்டால் அது ஒலியை அனுப்பும் வடிவத்தின் சிக்கல். டிவியிலும் பெட்டியிலும் 'டிஜிட்டல் ஆடியோ' அமைப்பை டால்பியிலிருந்து பிசிஎம்முக்கு மாற்றுங்கள். சுற்றொலி போகும், பேச்சு வரும். பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதும்.

அறிகுறி: ஒலி இருக்கிறது, படம் கறுப்பு வெள்ளையில் அல்லது நிறம் மாறி வருகிறது

இது மூன்று வண்ண வயர்க்காரர்களின் சிக்கல். பல டிவிகளில் ஏவியும் காம்போனென்டும் (படத்தை மட்டுமே மூன்று வயராகப் பிரித்து அனுப்பும் இணைப்பு) ஒரே துளைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மஞ்சள் வயர் பச்சைத் துளையில்தான் போக வேண்டும். சோர்ஸ் பட்டியலில் 'காம்போனென்ட்' என்று தேர்ந்திருந்தால் கறுப்பு வெள்ளைப் படம் வரும்; 'ஏவி' என்று மாற்றினால் நிறம் திரும்பும்.

டிவியில் ஹெட்போன் துளைபோல ஒற்றைத் துளை மட்டும் இருந்தால் டிவியோடு வந்த குட்டை வயரையே பயன்படுத்துங்கள். கடையில் கிடைக்கும் அதே தோற்றமுள்ள வேறொன்றில் உள்ளிணைப்பு மாறியிருக்கலாம். அப்போது படம் வர வேண்டிய இடத்தில் 'கர்ர்' என்ற ஒலி வரும். சிவப்பையும் மஞ்சளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள்; பல முறை அதிலேயே சரியாகிவிட்டிருக்கிறது.

எச்டிஎம்ஐயில் படம் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தால் முதலில் வயரை மாற்றுங்கள். மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

அறிகுறி: படம் நொடிக்கொருமுறை போய்ப் போய் வருகிறது, புள்ளி புள்ளியாக மின்னுகிறது

வயரின் நீளத்தைப் பாருங்கள். 4கே படத்துக்கு மூன்று மீட்டர் வரை நிம்மதி. ஐந்தைத் தாண்டினால் சாதாரண வயர் திணறும். சுவருக்குள் குழாய் வைத்து பத்து மீட்டர் மலிவு வயர் இழுத்துச் சிமெண்ட் பூசிய வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பெட்டி அனுப்பும் படத்தின் அளவை 4கேயிலிருந்து 1080க்கு இறக்குங்கள். புள்ளி மின்னுவது நின்றால் பிழை வயரில்தான். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அல்லது 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்று அச்சிட்ட குட்டை வயர் வாங்கலாம். தங்க முலாம் பூசியது என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

மிக்சி ஓடும்போது அல்லது பிரிட்ஜ் கிளம்பும்போது மட்டும் படம் போய் வருகிறதா? டிவியின் பிளக்கை வேறு அறையின் மின்னிணைப்பில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். நின்றால் எலக்ட்ரீசியன் வேலை.

அறிகுறி: மெனு தெரிகிறது, படத்தைப் போட்டால் மட்டும் திரை கறுக்கிறது

ஸ்டிக்கின் முகப்புப் பக்கம் அழகாக வரும். கட்டணச் செயலியில் படத்தைத் தொட்டதும் கறுப்பு, அல்லது 'எச்டிசிபி' என்று ஓர் எச்சரிக்கை. நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு அது. வழியில் உள்ள ஒவ்வொரு கண்ணியும் அந்தப் பூட்டுக்கு ஒத்துப்போக வேண்டும். ஸ்ப்ளிட்டர், பழைய ஹோம் தியேட்டர், கன்வெர்ட்டர் ஆகியவற்றைக் கழற்றி நேரே டிவியில் செருகுங்கள். 4கே படத்துக்கு எச்டிசிபி 2.2 ஏற்கும் போர்ட் வேண்டும். சில டிவிகளில் எல்லாப் போர்ட்டுகளும் அதை ஏற்பதில்லை, ஆகவே இன்னொரு போர்ட்டிலும் பாருங்கள்.

அறிகுறி: ஒன்றைப் போட்டால் இன்னொன்றும் விழிக்கிறது, சோர்ஸ் தானாகத் தாவுகிறது

பேய் பிடித்த டிவி என்று ஒரு பாட்டி எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். மேலே சொன்ன சிஇசிதான் அந்தப் பேய். கேம் பெட்டி தானாகப் புதுப்பித்துக்கொள்ள எழும்போது டிவியையும் எழுப்பிவிடும். பாட்டி பார்த்துக்கொண்டிருந்த தொடர் நடுவில் போய்விடும். டிவியில் சிஇசியை முழுக்க அணைத்தால் சவுண்ட்பாரின் ஏஆர்சி போய்விடலாம். எனவே தொந்தரவு செய்யும் சாதனத்தின் அமைப்பில் மட்டும் அதை அணையுங்கள்.

அறிகுறி: ஸ்டிக் தானாக அணைந்து எழுகிறது

டிவியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்திருப்பீர்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் அரை ஆம்பியர்தான் தரக் கடமைப்பட்டது. பல ஸ்டிக்குகளுக்கு ஒரு ஆம்பியர் வேண்டும். முகப்புப் பக்கம்வரை ஓடும், படம் தொடங்கியதும் மூச்சுவாங்கும். கூட வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். வயர் தொங்குவது அழகில்லை என்பவர்களுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அணையாமல், படம் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால் ஒய்பை எட்டவில்லை. டிவியின் முதுகுக்கும் இரும்பு பிரேமுக்கும் நடுவில் ஸ்டிக் நசுங்கிக் கிடக்கும். பெட்டியில் வரும் விரல் நீள எச்டிஎம்ஐ நீட்டிப்பைப் போட்டு வெளியே எட்டிப் பார்க்க வையுங்கள்.

அறிகுறி: காலையில் ஓடுகிறது, மதியம் தொங்குகிறது

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. அந்த வெயிலில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள், கேபிள் பெட்டியின்மேல் டிவிடி பிளேயர், அதன்மேல் மோடம், அதன்மேல் அம்மா கையால் பின்னிய விரிப்பு. படம் உறைகிறது, ரிமோட் கேட்பதில்லை, அணைத்துப் போட்டால் கால்மணி நேரம் ஓடுகிறது.

விரிப்பை எடுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். பெட்டிகளை அடுக்காமல் பக்கம்பக்கமாக, நான்கு விரல் இடைவெளியில் வையுங்கள். ஒரு மதியம் மேசை மின்விசிறியை அதன்மேல் திருப்பி வைத்துப் பாருங்கள். தொங்காமல் ஓடினால் காரணம் வெப்பம்தான். விசிறி வைத்தும் தொங்கினால் அந்தப் பெட்டியின் அடாப்டர் தளர்ந்திருக்கலாம்; அதே வோல்டும் அதே அல்லது கூடுதல் ஆம்பியரும் அச்சிட்ட வேறொன்றைப் போட்டுச் சோதிக்கலாம். வோல்ட் மாறினால் பெட்டி போய்விடும். முனையின் அளவும் பொருந்த வேண்டும். ஐயமிருந்தால் கேபிள்காரரிடமே அடாப்டரைக் கேளுங்கள், பெட்டி அவருடையது.

அறிகுறி: உதடு முந்துகிறது, பேச்சு பிந்துகிறது

புளூடூத்தில் இணைத்த சவுண்ட்பாரை வயருக்கு மாற்றுங்கள். வயரிலும் பிந்தினால் டிவியிலோ சவுண்ட்பாரிலோ 'ஏவி சிங்க்' என்ற அளவைச் சரிசெய்யுங்கள். விளையாட்டில் பொத்தானை அழுத்தியபின் தாமதமாக ஓடினால் அந்தப் போர்ட்டுக்கு 'கேம் மோட்' போடுங்கள்.

அறிகுறி: ரிமோட் கேட்கவில்லை

கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே ரிமோட்டைப் பிடித்து அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாப் புள்ளி மின்னினால் ரிமோட் நலம். பிறகு டிவியின் கீழ் விளிம்பில் ரிமோட்டின் ஒளியை வாங்கும் கண்ணை மறைத்துக்கொண்டு சவுண்ட்பார் நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கின் ரிமோட்டில் பொதுவாக இந்த ஒளி இராது, அது புளூடூத். அதற்குப் பேட்டரி மாற்றி, மறுபடியும் இணைக்க வேண்டும்.

அறிகுறி: வயரைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல்

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு முனை பிளக் உள்ள சாதனங்கள் பலவற்றைச் சேர்க்கும்போது லேசாகச் சுருக்கென்பது உண்டு. ஆனால் எர்த் சரியாக இருந்தால் அது தங்காது. மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்து இரண்டு துளையில் செருகியிருக்கிறீர்களா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் எர்த் துளை வெறும் அலங்காரமா? முதலில் அவற்றை மாற்றுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழிகள் எங்கள் ஊர்க் கோடையில் காய்ந்துபோகின்றன. குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் சுருக்கு நின்ற வீடு உண்டு. நின்றாலும் எலக்ட்ரீசியனை அழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டிவியின் திருகாணியில் டெஸ்டரை வைத்ததும் டெஸ்டர் விளக்கு எரிந்தால் அன்றே அழையுங்கள். அதுவரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

இரைச்சல் மட்டும் என்றால் மாடியிலிருந்து வரும் வயரை, சுவிட்சை அணைத்துவிட்டு, கேபிள் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அந்த வயர் வழியாக வருகிறது. எல்லாச் சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் கேபிள்காரர் பார்க்க வேண்டியது.

எப்போது நிறுத்திக்கொண்டு ஆளை அழைப்பது

கோடையின் மாலை இடிமழையும் ஐப்பசி மழையும் எனக்கு வேலை கொண்டுவரும் காலம். மின்னலுக்கு மறுநாள் ஒரு போர்ட் மட்டும் செத்திருந்தால் வேறு போர்ட்டில் ஓட்டலாம். எல்லாப் போர்ட்டும் செத்து, டிவியின் சொந்தச் செயலிகள் மட்டும் ஓடினால் உள்ளே போர்டு அடிவாங்கியிருக்கிறது. அதைப் பழுதுபார்க்கும் செலவைக் கேட்டுவிட்டு, டிவியின் வயதையும் பார்த்து முடிவெடுங்கள். ஏழெட்டு வருட டிவிக்குப் போர்டு மாற்றச் சொல்ல எனக்கே வாய் வராது. ஸ்டிக்கை ஓட்டுவதற்காக மட்டுமென்றால் டிவியின் சொந்தச் செயலிகளிலேயே அந்தப் படங்கள் கிடைக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இடி தொலைவில் கேட்கும்போதே பவர் பிளக்கையும் டிஷ் வயரையும் பிடுங்கிவைப்பது நல்லது. சுவிட்சை அணைத்தால் போதாது. இடி தலைக்குமேல் வந்தபின் எந்த வயரையும் தொடாதீர்கள்.

கருகிய வாடை, பெட்டிக்குள் 'டிக் டிக்' ஒலி, சிவப்பு விளக்கு மட்டும் மின்னுவது, திரையில் நெடுங்கோடு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். உத்தரவாதம் இருக்கும் டிவி என்றால் என்னைப் போன்றவர்களையும் தொடவிடாதீர்கள்; நிறுவனத்தின் சேவை எண்ணுக்கே போங்கள்.

யாரை அழைத்தாலும் இரண்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: எந்தச் சாதனம் எந்தப் போர்ட்டில் ஓடியது, எதில் ஓடவில்லை; வயரை மாற்றிப் பார்த்தீர்களா, இல்லையா. டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் படம் பிடித்து அனுப்புங்கள். வருகிறவர் சரியான வயரை எடுத்துக்கொண்டு வருவார். இரண்டாவது முறை வந்ததற்குத் தனிக் கூலி கேட்க மாட்டார்.